ரேட்டோவின் வைஃபையில் சித்தியின் கல்யாணம்

ஹரிஷாவின் அம்மாவுடைய கைபேசிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. வீட்டில் இருக்கும்போது உலகமே அதற்குள் இருக்கும். வாசலைத் தாண்டிவிட்டால் அது வெறும் கண்ணாடித் துண்டு.

"வீட்டிலை வைஃபை இருக்கு. வேலையிலை இருக்கு. ஜெனீவாவிலை அண்ணை வீட்டிலையும் இருக்கு. நடுவிலை எதுக்கு இன்ரநெற்?" என்பது அம்மாவின் கட்சி.

அவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. சுவிட்சர்லாந்தில் அம்மா கால் வைத்த உறவினர் வீடுகளின் வைஃபை எல்லாம் அந்தக் கைபேசிக்கு மனப்பாடம். நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அது உள்ளே போய் உட்கார்ந்துவிடும். நடுவழியில்தான் அதற்கு ஒருவரையும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் நடுவழியில்தான் இருந்தார்கள்.

அது ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு. லாங்கன்தாலில் முதல் ரயிலைப் பிடித்து, பேர்னில் மாறி, ஜெனீவாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா பட்டுச்சேலைக்கு மேலே தடித்த குளிர் ஜாக்கெட் போட்டிருந்தார். ஐந்து வயதுத் தம்பி அனோஜன் கம்பளிக் காற்சட்டைக்கு மேலே வேட்டி கட்டியிருந்தான். பத்து வயது ஹரிஷா பாவாடை கசங்காமல் இருக்கவேண்டுமென்று ஆசனத்தின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

யாழ்ப்பாணத்தில், சாவகச்சேரியில், தர்மிகா சித்திக்கு அன்று கல்யாணம்.

அம்மாவின் சுவிஸ் அனுமதி அட்டையை வைத்துக்கொண்டு இலங்கைக்குப் போய்வர முடியாது. ஜெனீவாவில் இருக்கும் தவராஜா மாமாவுக்கும் அதே நிலைமைதான். அதனால் அண்ணனும் தங்கையும் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். மாமா வீட்டுப் பெரிய தொலைக்காட்சியில் எல்லோரும் சேர்ந்திருந்து கல்யாணத்தை நேரலையில் பார்ப்பது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை இருந்ததால் அவர் மட்டும் வரவில்லை.

அம்மா ஊரைவிட்டு வந்தபோது சித்திக்கு ஏழு வயது. அதுவரை சித்திக்குத் தலை பின்னிவிட்டது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது எல்லாம் அம்மாதான். அந்த ஏழு வயதுப் பிள்ளைதான் இன்று கல்யாணப் பெண்.

"எட்டரைக்கு முகூர்த்தம் தொடங்குது. எட்டு இருபத்தைஞ்சுக்கெல்லாம் நாங்கள் மாமா வீட்டிலை நிப்பம்," என்று அம்மா ஐந்தாவது தடவையாகச் சொன்னார்.

"அம்மா, அப்பா நல்லவர். இண்டைக்கு எங்களுக்கு ஒரு மணித்தியாலம் கூட நித்திரை தந்தவர்," என்றான் அனோஜன்.

"அப்பா தரேல்லையடா. இண்டைக்கு சுவிஸ் முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிறவை. குளிர்காலம் வருதெல்லோ, அதுக்கு," என்று சிரித்தாள் ஹரிஷா.

சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் அம்மாவின் கைப்பையிலிருந்து கல்யாண அழைப்பிதழை எடுத்தாள். 'சுபமுகூர்த்தம் பகல் 12.00 முதல் 12.45 வரை' என்று பொன் எழுத்தில் இருந்தது. கீழே நேரலையைப் பார்ப்பதற்கான கியூஆர் குறி.

"அம்மா, சாவகச்சேரியிலையும் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பினவையோ?"

"என்ன விசர்க்கதை? அங்கை குளிரோ, பனியோ? அவை ஏன் திருப்பப் போயினம்?"

"அப்ப எங்களுக்கும் அவைக்கும் வித்தியாசம் மூண்டரை மணித்தியாலம் இல்லையம்மா. அது நேற்றுவரைக்கும். இண்டையிலை இருந்து நாலரை."

ஹரிஷா தன் அப்பியாசக் கொப்பியில் கழித்துப் பார்த்தாள். இன்னொரு தடவையும் கழித்தாள். விடை மாறவில்லை.

"எட்டரைக்கு இல்லை அம்மா. ஏழரைக்கு."

ரயில் பெட்டியின் திரையில் ஏழு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. ஜெனீவா போய்ச்சேர எட்டேகால் ஆகும்.

இது சுவிஸ் தமிழர்கள் எல்லோருக்கும் வருடத்தில் இரண்டு தடவை வரும் வில்லங்கம்தான். வழக்கமாக, ஊரில் யாராவது சாப்பிட உட்காரும் நேரத்தில் தொலைபேசி எடுத்து ஏச்சு வாங்குவதோடு அது முடிந்துவிடும். கல்யாண நாளில் வந்து மாட்டும் என்று யார் நினைத்தார்கள்?

அம்மா உடனே மாமாவைத் தொலைபேசியில் அழைத்தார். இணையம் இல்லாவிட்டாலும் சாதாரண அழைப்பு வேலை செய்தது.

"அண்ணை, கெதியா ரிவியைப் போடுங்கோ! முகூர்த்தம் ஏழரைக்காம்!"

"என்னது? நான் இப்பதான் பல்லு தீட்டுறன்!" என்று மாமா அலறியது ஹரிஷாவுக்கும் கேட்டது. பிறகு அவர் குரல் தணிந்தது. "அப்ப நீ எப்பிடிப் பாக்கப் போறாய்? சரி, நான் பதிஞ்சு வைக்கிறன். வந்து பார், என்ன?"

"ஓம் அண்ணை," என்று சொல்லி அம்மா கைபேசியை வைத்தார்.

"பதிஞ்சு வைச்சால் பாக்கலாம்தானே அம்மா?" என்றாள் ஹரிஷா.

"பாக்கலாம். ஆனால் தாலி ஏறுற நேரத்திலை அவளை வாழ்த்த ஏலாதே, மகள்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மூடுபனியும் மாடுகளும்தான் இருந்தன. அம்மா மாடுகளைப் பார்க்கவில்லை என்பது ஹரிஷாவுக்குத் தெரியும். எப்படியாவது அம்மாவுக்குச் சித்தியைக் காட்டிவிட வேண்டும்.

அந்த ரயிலில் பொது வைஃபை இல்லை. ஆனாலும் அவள் அம்மாவின் கைபேசியை வாங்கித் தேடிப் பார்த்தாள். ஐந்து பெயர்கள் வந்தன. பெட்டியில் இருந்த மற்றவர்களின் கைபேசிகள்தான். நான்கு பெயர்களுக்குப் பக்கத்தில் பூட்டுப் படம். ஐந்தாவது 'ரேட்டோ'. அதற்குப் பூட்டு இல்லை.

"அம்மா, ஒண்டு திறந்து கிடக்கு. ஆரின்ரையோ தெரியேல்லை."

அம்மா சட்டென்று திரும்பினார். "பூட்டில்லாட்டி ஆரும் பாவிக்கலாம் எண்டுதானே?"

அது அப்படித்தானா என்று ஹரிஷாவுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆளைத் தேடிக் கேட்கலாமா என்று நினைத்தாள். ஆனால் அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. அவள் விரல் 'ரேட்டோ'வை அழுத்திவிட்டது.

ஒரு சுழி சுற்றியது. பிறகு சாவகச்சேரி கல்யாண மண்டபம் அம்மாவின் கைக்குள் வந்து இறங்கியது. வாழைமரம், மணவறை, புகைக்குள்ளே ஐயர். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தர்மிகா சித்தி தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

"சித்தி!" என்று அனோஜன் கத்தினான்.

"மெதுவா, மெதுவா," என்றார் அம்மா. அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பாரன், எங்கடை பிள்ளையை! நெத்திச்சுட்டி கொஞ்சம் சரிஞ்சு கிடக்கு. ஆராவது சரி செய்து விடுங்கோவன்!"

ஹரிஷாவுக்கும் மனம் குளிர்ந்தது. அப்போதுதான் தம்பி கிளுக்கென்று சிரித்தான்.

"அக்கா, அங்கை பார். வாயைத் திறந்துகொண்டு ஒரு பிள்ளை!"

நடைபாதைக்கு அந்தப் பக்கம், செம்மஞ்சள் வேலை ஜாக்கெட் போட்ட உயரமான மனிதர் ஒருவர் இருந்தார். அவருக்கு முன்னால் மேசையில் ஒரு டேப்லெட் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வாயை ஆவென்று திறந்து, ஒரு விரலால் பல் விழுந்த இடத்தைக் காட்டியபடி இருந்தாள். அசையவே இல்லை. படம் உறைந்துபோயிருந்தது.

அந்த மனிதர் டேப்லெட்டைத் தூக்கி ஜன்னலருகே பிடித்தார். திரும்பவும் மேசையில் வைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் காற்றில் எதையோ விறுவிறுவென்று சொன்னார். சிறுமி அப்படியே இருந்தாள். அவருடைய கைகள் மெல்ல மடியில் இறங்கின.

அவர் காது கேளாதவர் என்பது ஹரிஷாவுக்குப் புரிந்தது. அவர்கள் பள்ளிக்கூடத்திலும் ஒரு பையன் இப்படித்தான் கைகளால் கதைப்பான். மற்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் கேட்கும். இவருக்குப் படம் நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

அவர் ஜாக்கெட்டின் நெஞ்சில் பெயர் தைத்திருந்தது. ரேட்டோ.

ஒரே குழாயில் இரண்டு வாளி வைத்தால் இரண்டும் நிரம்பாது. இரண்டாவது வாளியை வைத்தவள் அவள்தான்.

"அம்மா," என்று காதுக்குள் சொன்னாள். "இது அவரின்ரை வைஃபை. நாங்கள் எடுத்ததாலை அவருக்கு நிண்டுபோச்சு. தன்ரை மகளோடை கதைக்கிறார் போலை."

அம்மா ரேட்டோவைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். திரையில் தாலித் தட்டு சபையைச் சுற்றி வரத் தொடங்கியிருந்தது. ஒவ்வொருவரும் தொட்டு வாழ்த்தினார்கள். சுற்றி முடிந்ததும் தாலி கட்டுவார்கள்.

"ஒரு பத்து நிமிசம், மகள். தாலி கட்டினவுடனை விட்டிடுவம்."

ரேட்டோ தன் பெரிய விரலால் திரையில் மகளின் முகத்தை மெதுவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அம்மாவும் பார்த்தார். மணவறையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, கைபேசியை மகளிடம் நீட்டினார்.

"நிப்பாட்டு," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஹரிஷா தொடர்பைத் துண்டித்தாள். சாவகச்சேரி மறைந்தது. அந்தப் பக்கம் சிறுமியின் வாய் மூடித் திறந்தது. ரேட்டோவின் முகம் மலர்ந்தது. அவருடைய கைகள் மறுபடியும் பேசத் தொடங்கின.

ஹரிஷா கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நடைபாதையில் போய் நின்றாள். கதைத்துக்கொண்டிருப்பவரை எப்படி இடையில் மறிப்பது? அதுவும் கைகளால் கதைப்பவரை? ஏழு பதினெட்டு ஆனது. ஏழு இருபது ஆனது.

"அக்கா, சொல்லன்!" என்று தம்பி பின்னாலிருந்து கத்தினான். பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், ரேட்டோவைத் தவிர.

கடைசியில் அவளைக் கண்டுபிடித்தது திரையில் இருந்த சிறுமிதான். அவள் அப்பாவின் தோளுக்குப் பின்னால் விரலை நீட்டிக் காட்டினாள். ரேட்டோ திரும்பினார்.

ஹரிஷா ஜெர்மன் மொழியில் எழுதிக் காட்டினாள். 'மன்னிக்கவும். உங்கள் வைஃபையைக் கேட்காமல் எடுத்தது நாங்கள்தான். அதனால்தான் உங்கள் படம் நின்றது. இப்போது விட்டுவிட்டோம்.'

ரேட்டோ அதைப் படித்தார். சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு பென்சிலை வாங்கி, 'ஏன்?' என்று எழுதினார்.

'என் சித்திக்கு இலங்கையில் கல்யாணம். அம்மாவின் தங்கை. அம்மாவால் அங்கே போக முடியாது.'

'எத்தனை மணிக்கு?'

'இப்போது.'

ரேட்டோவின் கண்கள் விரிந்தன. நடைபாதைக்கு அப்பால் பட்டுச்சேலையும் ஜாக்கெட்டுமாக இருந்த அம்மாவைப் பார்த்தார். உடனே திரையின் பக்கம் திரும்பிக் கைகளால் எதையோ சொன்னார். சிறுமி இரண்டு கைகளாலும் படபடவென்று பதில் சொன்னாள். ரேட்டோ தலையைச் சொறிந்தார்.

'என் மகள் ஃப்ளுரினா கூர் நகரத்தில் இருக்கிறாள். எனக்கு வாரம் முழுக்க வெளியூர் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நாங்கள் கதைப்போம்,' என்று எழுதினார். 'இணைப்பை உங்களுக்குத் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். தானும் கல்யாணப் பெண்ணைப் பார்க்கவேண்டும் என்கிறாள்.'

இரண்டு வாளி, ஒரு குழாய். ஹரிஷா பென்சிலைக் கடித்தாள். ஃப்ளுரினாவின் வீட்டில் வேறு குழாய் இருக்குமே! அவள் ஓடிப்போய் அழைப்பிதழை எடுத்துவந்து கியூஆர் குறியைக் காட்டினாள்.

'இதைப் படம் எடுத்து ஃப்ளுரினாவுக்கு அனுப்புங்கள். அவள் தன் வீட்டு இணையத்தில் பார்ப்பாள். நாங்கள் எல்லோரும் உங்கள் டேப்லெட்டில் பார்ப்போம். ஒன்று போதும்.'

ரேட்டோ கட்டைவிரலை உயர்த்தினார். இந்த முறை சிரித்தார்.

அம்மா கூச்சத்தோடு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். அனோஜன் கூச்சமே இல்லாமல் ஜன்னல் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டான். டேப்லெட்டில் மணவறை கைபேசியில் தெரிந்ததைவிட நான்கு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. தாலித் தட்டு சபையைச் சுற்றிவிட்டு ஐயரிடம் திரும்பி வந்திருந்தது. சித்தி கூறைச்சேலையில் இருந்தார்.

அம்மா கைப்பையிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே மஞ்சள் அரிசி. மாமா வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் தூவுவதற்காக வீட்டிலிருந்தே கலந்து கொண்டுவந்தது. எல்லோருடைய கையிலும் கொஞ்சம் போட்டார். ரேட்டோவின் உள்ளங்கையிலும் போட்டார். ரேட்டோ நன்றியோடு தலையசைத்துவிட்டு அதை வாயருகே கொண்டுபோனார்.

"சாப்பிடக் கூடாது!" என்று அனோஜன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். எறிவது எப்படி என்று செய்தும் காட்டினான்.

ஐயர் தாலியை எடுத்தார். மாப்பிள்ளை எழுந்தார். அந்த நேரம் பார்த்து ரயில் ஒரு சுரங்கத்துக்குள் புகுந்தது. படம் அப்படியே நின்றது. சுழி மட்டும் சுற்றியது.

அம்மா அரிசியை இறுக்கிப் பிடித்தார். ஹரிஷா மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். முப்பது வரை எண்ணியும் இருட்டுப் போகவில்லை.

சட்டென்று வெளிச்சம் அடித்தது. ஜன்னலுக்குக் கீழே ஜெனீவா ஏரி காலை வெயிலில் விரிந்து கிடந்தது. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் படம் அசைந்தது. நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தது. மாப்பிள்ளையின் கையில் தாலி அப்படியே இருந்தது.

"சித்தி எங்களுக்காகப் பாத்துக்கொண்டு நிண்டவ!" என்றான் அனோஜன்.

கெட்டிமேளம் முழங்கியது. மற்றப் பயணிகளை நினைத்து ஹரிஷா சத்தத்தைக் குறைக்கப் போனாள். அப்போது ரேட்டோவைப் பார்த்தாள். இவ்வளவு மேளமும் அவருக்குக் கேட்காதே!

அவள் சத்தத்தைக் கூட்டினாள். ரேட்டோவின் கையைப் பிடித்து டேப்லெட்டின் முதுகில் வைத்தாள். தவிலின் அடி ஒவ்வொன்றும் அந்தத் தகட்டில் அதிர்ந்தது. ரேட்டோ திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். பிறகு அவருடைய மற்றக் கை, அதே தாளத்தில் மேசையைத் தட்டத் தொடங்கியது.

"நல்லா இரு, என்ரை அம்மா. நல்லா இரு," என்று சொல்லி அம்மா அரிசியைத் தூவினார். அனோஜன் தன் பங்கை முழுப் பலத்தோடு எறிந்தான். அதில் பாதி ரேட்டோவின் தாடிக்குள் போயிற்று. ரேட்டோ இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, விரல்களை விரித்து ஆட்டினார். அதுதான் அவர்களுடைய கைதட்டு என்று யாரும் சொல்லாமலே ஹரிஷாவுக்கு விளங்கியது. அவளும் ஆட்டினாள். அம்மா அழுதுகொண்டே ஆட்டினார். பின் ஆசனத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெண்மணியும் எழுந்து நின்று ஆட்டினார்.

கொஞ்ச நேரத்தில் ரேட்டோவின் கைபேசி மின்னியது. கூர் நகரத்திலிருந்து ஒரு படம் வந்திருந்தது. ஃப்ளுரினா முன்பல் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மேசை, நாற்காலி, தலைமுடி எல்லாம் அரிசி. சமையலறையில் ஒரு பொட்டலம் முழுவதையும் அவிழ்த்துவிட்டாள் போலிருந்தது.

"ஐயோ, தாய்க்காரி என்ன சொல்லப் போறாவோ!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

லோசானைத் தாண்டியதும் அம்மா குனிந்து, ஆசனத்திலும் தரையிலும் கிடந்த அரிசியைப் பொறுக்கத் தொடங்கினார். ரேட்டோவும் குனிந்து பொறுக்கினார். நிமிர்ந்தபோது கொப்பியில் ஏதோ எழுதி ஹரிஷாவிடம் நீட்டினார்.

'நாங்கள் கதைத்து முடித்துவிட்டோம். ஃப்ளுரினாவுக்கு வீடு கூட்டும் வேலை வந்துவிட்டது. இப்போது உங்கள் அம்மாவின் கைபேசியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெனீவா வரைக்கும்.'

ஹரிஷா அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். அம்மா ரேட்டோவைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு கைபேசியை எடுத்து, மகளைக் கேட்காமல் தானே 'ரேட்டோ'வை அழுத்தினார்.

செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மாமா பதிந்து வைத்த வீடியோ, அப்பா கேட்ட 'என்ன நடந்தது?', யார் யாரோ அனுப்பிய படங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு நிமிடத்துக்கு முன்னால், சித்தியிடமிருந்து ஒரு குரல் செய்தி.

அம்மா அதை அழுத்தினார். பின்னால் மேளமும் சிரிப்பும் கேட்டன. நடுவில் சித்தியின் குரல் நடுங்கியது.

"அக்கா... இவ்வளவு சனத்துக்குள்ளையும் என்ரை கண் உங்களைத்தான் தேடினது. பாத்தனீங்களோ?"

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அருகில் இருந்த மூன்று முகங்களையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு கைபேசியை வாயருகே பிடித்துச் சொன்னார்.

"ஓம், அம்மாச்சி. முன்வரிசையிலை இருந்து பாத்தனான். நெத்திச்சுட்டியை முதல் சரி செய்."